'எதுக்குன்னே தெரியலக்கா... அதான் எடுத்துட்டேன்!' - கோழிப்பண்ணை லேப்டாப்பில் ஒரு ராத்திரி

சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. நாமக்கல்லில் அந்த வீட்டில் இரண்டாவது ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

"அக்கா... ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

தம்பி இப்படிப் பேச்சை ஆரம்பித்தால் விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டபோதும் இப்படித்தான் கேட்டான். இப்போது இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். வார விடுமுறைக்குப் பெரியப்பாவின் கோழிப்பண்ணைக்குப் போயிருந்தான்.

"பண்ணை லேப்டாப்ல நம்ம கணக்கு புரோகிராம் ஓடல. ஏதோ தேவையில்லாத லைப்ரரி உள்ள ஏறிடுச்சு போலன்னு அதை எடுத்தேன். இப்ப ஒண்ணுமே ஓடல. எல்லாம் போச்சாட்ட இருக்குது."

அவள் அடுப்பை அணைத்தாள்.

சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரத்துக்கு முன்னால் இருக்கிறது பெரியப்பாவின் பண்ணை. மூன்று ஷெட், எல்லாம் லேயர் கோழிகள். நாமக்கல் கணக்குக்கு இது சின்னப் பண்ணைதான். ஆனாலும் கணக்கு சின்னதல்ல. எந்த ஷெட்டில் எத்தனை முட்டை, எத்தனை உடைசல், எத்தனை மூட்டை தீவனம், எத்தனை கோழி இறப்பு, அன்றைக்கு என்.இ.சி.சி. அறிவித்த நாமக்கல் மண்டல விலை என்ன, அதில் வியாபாரி போட்ட மைனஸ் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். பெரியப்பா இதையெல்லாம் நீளமான நோட்டில் எழுதிவந்தார்.

2021 ஊரடங்கில், கல்லூரி கடைசி வருடம் வீட்டிலேயே கழிந்தபோது, அவள் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் எண்களை ஏற்றினால் போதும். மாதக் கடைசியில் வங்கிக்குத் தர வேண்டிய ஸ்டாக் ஸ்டேட்மென்ட், வேர்ட் ஃபைலாகத் தானே வந்து நிற்கும்.

"நோட்டுல எழுதுனா ஆகாதா கண்ணு?" என்று பெரியப்பா அப்போது கேட்டார். பிறகு பழகிக்கொண்டார். ஆனால் நோட்டை மட்டும் விடவில்லை. "ரெண்டு தடவை எதுக்குப் பெரியப்பா எழுதறீங்க? நோட்டைத் தூக்கிப் போடுங்க" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் சொல்லுவாள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

இப்போது பிரச்னை என்னவென்றால், திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வங்கியில் கடன் வரம்பைப் புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட் கேட்டிருக்கிறார்கள். அது கைக்கு வந்தால்தான் அடுத்த லோடு தீவனத்துக்குப் பணம். பழைய லேப்டாப்பின் திரை மங்கிவிட்டதால், அன்று காலைதான் அதைக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கி வந்திருந்தார்கள். திரும்பிப் போக வழி இல்லை.

அப்பா வண்டியை எடுத்தார்.

போல்ட்டும் கோணிச் சாக்கும்

அப்பா லாரி மெக்கானிக். நாமக்கல்லில் பாதிப் பேருக்கு லாரியோடு ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கும். அவருக்கு முப்பது வருடமாக கியர் பாக்ஸோடு சம்பந்தம். போகிற வழியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"கழட்டுனதை எழுதி வெச்சிருக்கானா?"

"என்னப்பா?"

"கழட்டறது யாரு வேணாலும் கழட்டுவாங்க கண்ணு. எதை எங்கிருந்து கழட்டுனோம்னு தெரியோணும். நான் கோணிச் சாக்கை விரிச்சு, கழட்டற வரிசையிலயே போல்ட்டை வெப்பேன். கடைசியில ஒண்ணு மிஞ்சுச்சுன்னா, அது தேவையில்லாத போல்ட்டுன்னு தூக்கிப் போடறவன் மெக்கானிக்கே இல்ல."

அவள் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது வேறு. புரோகிராமுக்கு என்னென்ன லைப்ரரி வேண்டும், எந்தெந்த வெர்ஷன் என்று அவளே எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. பெங்களூரு அலுவலகத்துக்காக வீட்டிலிருந்து அவள் பார்க்கும் வேலையில் அந்தப் பட்டியல் இல்லாமல் ஒரு ஃபைலும் நகராது. சொந்தப் பெரியப்பாவுக்குச் செய்ததில் அந்தக் கவனம் இல்லை.

ஒரே பெயர், இரண்டு ஆள்

பண்ணை ஆபீஸ் அறையில் தம்பி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். நடந்ததை அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

புது லேப்டாப்பில் பைத்தானை ஏற்றினான். பென் டிரைவிலிருந்து புரோகிராமை எடுத்து வைத்தான். ஓட்டினால் "பாண்டாஸ் இல்லை" என்றது. பாண்டாஸை ஏற்றினான். அடுத்து "டாக்எக்ஸ் இல்லை" என்றது. "பிப் இன்ஸ்டால் டாக்எக்ஸ்" என்று அடித்தான். ஏறிவிட்டது. ஆனால் ஓட்டினால் "எக்ஸெப்ஷன்ஸ் என்ற மாட்யூல் இல்லை" என்று புதிதாக ஒரு பிழை.

இங்கேதான் முதல் சறுக்கல். பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான பைபிஐ-யில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட லைப்ரரிகள் இருக்கின்றன. அங்கே ஒரு லைப்ரரியை வாங்கும் பெயர் ஒன்றாகவும், புரோகிராமுக்குள் கூப்பிடும் பெயர் வேறாகவும் இருக்கலாம். ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் என்பது போல. தமிழ் எழுத்துகளைக் கையாள உதவும் 'ஓப்பன்-தமிழ்' லைப்ரரியை அந்தப் பெயரில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் புரோகிராமுக்குள் 'தமிழ்' என்று மட்டுமே கூப்பிட வேண்டும்.

வேர்ட் ஃபைல் எழுதும் லைப்ரரியும் அப்படித்தான். உள்ளே கூப்பிடும் பெயர் டாக்எக்ஸ். ஆனால் ஏற்ற வேண்டிய பெயர் 'பைத்தான்-டாக்எக்ஸ்'. வெறும் 'டாக்எக்ஸ்' என்ற பெயரில் கிடங்கில் கிடப்பது வேறொரு பழைய லைப்ரரி. பைத்தான் 2 காலத்தில் எழுதப்பட்டது. 'எக்ஸெப்ஷன்ஸ்' என்ற பகுதி பைத்தான் 2-இல் தனியாக இருந்தது, 2008-இல் வந்த பைத்தான் 3-இல் கிடையாது. பைத்தான் 2-க்கான ஆதரவே 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் தடுக்கி விழுந்த கல்லில்தான் தம்பியும் விழுந்திருந்தான்.

"இது தப்பான லைப்ரரின்னு கண்டுபிடிச்சுட்டேன்க்கா. எடுத்துட்டேன். 'வெற்றிகரமா நீக்கப்பட்டது'ன்னு வந்துச்சு. ஆனா திரும்ப ஓட்டினா அதே பிழை!"

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். எத்தனை பைத்தான் இருக்கிறது என்று முதலில் பார்த்தாள். இரண்டு இருந்தன. முதல் தடவை விண்டோஸ் ஸ்டோரிலிருந்து ஒன்று, சரிவரவில்லை என்று பைத்தானின் சொந்தத் தளத்திலிருந்து இன்னொன்று. இரண்டிலும் அந்தப் பழைய டாக்எக்ஸை ஏற்றியிருக்கிறான். நீக்கியது ஒன்றிலிருந்து. புரோகிராம் ஓடியது மற்றொன்றில். முதல் ஷெட்டில் செத்த கோழியை எடுத்துவிட்டு மூன்றாவது ஷெட்டில் போய் மூக்கைப் பிடித்த கதை.

இதற்கு வழி எளியது. வெறுமனே 'பிப்' என்று கூப்பிட்டால் எந்த பைத்தானின் பிப் வரும் என்று சொல்ல முடியாது. எந்த பைத்தானில் புரோகிராம் ஓடுகிறதோ அதைச் சொல்லி, அதோடு 'மைனஸ் எம் பிப்' என்று சேர்த்து அடித்தால், அந்த வீட்டுப் பிப் மட்டும்தான் வரும். ஏற்றுவதற்கும் அதுவே முறை, நீக்குவதற்கும் அதுவே முறை.

"ஆறா? அது எதுக்கு?"

"சரி, அதுக்கப்புறம்?" என்றாள்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பிழை போகாததால், வேண்டாததெல்லாம் சேர்ந்துதான் குழப்புகிறது என்று நினைத்து, ஏறியிருப்பவற்றின் பட்டியலை எடுத்திருக்கிறான். அவன் கையால் அடித்து ஏற்றியவை சில. அவன் கேள்வியே படாத பெயர்கள் பல. எல்எக்ஸ்எம்எல், பில்லோ, டேட்யூட்டில், சிக்ஸ்...

"சிக்ஸ்னா ஆறுதானே? நான் ஆறுன்னு எதையும் ஏத்தலயே. எதுக்குன்னே தெரியலக்கா... அதான் எடுத்துட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

சிக்ஸ் என்பது உண்மையிலேயே ஒரு லைப்ரரியின் பெயர். பைத்தான் 2, பைத்தான் 3 இரண்டிலும் ஓடுகிற மாதிரி எழுத உதவுவது. இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு, அதனால் அந்தப் பெயர். ஆளும் சின்னது, பெயரும் சின்னது. ஆனால் தேதிகளைக் கையாளும் 'பைத்தான்-டேட்யூட்டில்' அதை நம்பி இருக்கிறது. அந்த டேட்யூட்டிலை நம்பி பாண்டாஸ் இருக்கிறது. பாண்டாஸை நம்பித்தான் பெரியப்பாவின் மொத்த முட்டைக் கணக்கும் இருக்கிறது. தம்பி 'ஆறை' எடுத்தான், கணக்கு மொத்தமும் படுத்துவிட்டது. டாக்எக்ஸ் பிழை இருந்தபோது கோளாறு ஓர் இடத்தில்தான். சுத்தம் செய்த பிறகு எல்லா இடத்திலும்.

பிப் இதில் ஒரு பாதி வேலையைத்தான் செய்யும். ஒரு லைப்ரரியை ஏற்றினால், அதற்குத் துணையாக வேண்டியவற்றையும் தானே கூட்டிவரும். நீக்கும்போது அந்த ஒன்றை மட்டும் எடுக்கும், கூட வந்தவர்களை அப்படியே விட்டுவிடும். அதேபோல, "இதை நம்பி இன்னொருவர் இருக்கிறார், எடுக்கலாமா?" என்றும் கேட்காது. எடு என்றால் எடுத்துவிடும். கேட்க வேண்டியது நாம்தான்.

கேட்பதற்கும் வழி இருக்கிறது. "பிப் ஷோ" என்று அடித்து லைப்ரரியின் பெயரைப் போட்டால், இதற்கு யார் வேண்டும், இது யாருக்கு வேண்டும் என்று இரண்டு வரிகள் வரும். இரண்டாவது வரி காலியாக இருந்தால், ஏறியிருக்கும் வேறு எந்த லைப்ரரியும் அதை நம்பி இல்லை. நம் புரோகிராமே நேரடியாகக் கூப்பிடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எடுக்கலாம். ஏற்கெனவே எடுத்துத் தொலைத்திருந்தால், "பிப் செக்" என்று அடித்தால் போதும். "டேட்யூட்டிலுக்கு சிக்ஸ் வேண்டும், அது இங்கே இல்லை" என்று பெயரோடு சொல்லிவிடும்.

அவள் அடித்துக் காட்டினாள். தம்பி வாய்விட்டுப் படித்தான். வெளியே திண்ணையில் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு தொடர்ந்தது.

பதினோரு வரியும் ஓர் எழுத்தும்

தம்பிக்கு அழுகை வராத குறை. அவள் அவனுக்கு ஒரு கதை சொன்னாள்.

2016 மார்ச் மாதம். அஸர் கோச்சுலு என்ற புரோகிராமர், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் கிடங்கான என்பிஎம்-மில் நிறைய லைப்ரரிகளை இலவசமாக வைத்திருந்தார். 'கிக்' என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஒரு நிறுவனத்தோடு அவருக்குத் தகராறு. கிடங்கு நிர்வாகம் அந்தப் பெயரை நிறுவனத்துக்குக் கொடுத்ததும், மனம் வெறுத்து, தன்னுடைய 273 லைப்ரரிகளையும் ஒரேயடியாக நீக்கிவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. மொத்தமே பதினோரு வரி. ஓர் எழுத்துத் தொடருக்கு இடப்பக்கம் இடைவெளியோ சுழியமோ சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. அது போனதும், அதன்மேல் ஒன்று, அதன்மேல் ஒன்று என்று நின்றிருந்த பாபல் போன்ற பெரிய கருவிகள் விழுந்தன. உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்களின் வேலைகள்கூட நின்றுபோயின. சில மணி நேரத்தில் கிடங்கே முன்வந்து அந்தப் பதினோரு வரியைத் திரும்ப வைத்த பிறகுதான் நிலைமை சீரானது.

"அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே அதை யாரு நம்பி இருக்காங்கன்னு தெரியல. நீ நம்ம பண்ணைக் கணக்கைத்தான் நிறுத்துன. போகட்டும் விடு" என்றாள்.

ஆனால் உடனே எடுத்தே ஆக வேண்டியவையும் இருக்கின்றன. 2019 டிசம்பரில் பைபிஐ-யிலிருந்து இரண்டு லைப்ரரிகள் அகற்றப்பட்டன. ஒன்று 'ஜெல்லிஃபிஷ்' என்ற நல்ல லைப்ரரியின் போலி. ஆங்கிலத்தில் அந்தப் பெயரில் வரும் சின்ன 'எல்' எழுத்துக்குப் பதில் பெரிய 'ஐ' போட்டிருந்தார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஏறக்குறைய ஒரு வருடம் அது கிடங்கில் இருந்தது. இன்னொன்று, தம்பியைக் கவிழ்த்த அதே டேட்யூட்டிலின் பெயரில், 'பைத்தான்' என்பதோடு ஒரு 3 சேர்த்து வந்த போலி. அதுவும் அந்தப் போலி ஜெல்லிஃபிஷைத்தான் உள்ளே கூட்டிவரும். ஏற்றியவர்களின் கம்ப்யூட்டரிலிருந்து ரகசியச் சாவிகளைத் திருடி அனுப்புவதுதான் அதன் வேலை.

இப்படி ஒன்று ஏறிவிட்டால் நீக்கினால் மட்டும் போதாது. திருடன் வெளியே போய்விட்டான் என்று நிம்மதியாக இருக்க முடியுமா? அவன் பார்த்துவிட்ட பாஸ்வேர்டு, சாவி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். தம்பி அன்று சாயங்காலம் யார் யாரோ சொன்னார்கள் என்று ஏற்றிப் பார்த்த லைப்ரரிகளின் பெயர்களை இருவரும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார்கள். நல்லவேளை, போலி எதுவும் இல்லை.

தனிக்குடித்தனம்

இரவு பதினொன்றரை. எடுத்ததைத் திரும்பப் போட்டு, ஒட்டுப் போட்டு உட்கார்ந்திருக்க அவள் விரும்பவில்லை. விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்கினாள். 2012-இல் வந்த பைத்தான் 3.3-இலிருந்தே இந்த வசதி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. ஒரு புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகள் மட்டும் தனி ஃபோல்டரில் இருக்கும். வெளியே இருப்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை.

"தனிக்குடித்தனம் மாதிரியாக்கா?"

"ஆமா. மாமியார் வீட்டு அடுப்படியில எதை எடுத்தாலும் ஒரு பேச்சு வரும். இங்க வராது. புடிக்கலைன்னா ஃபோல்டரையே அழிச்சுட்டுப் புதுசாக் கட்டிக்கலாம்."

பெரிய குடும்பத்தில் கைவைப்பதன் ஆபத்து விண்டோஸில் இருப்பதைவிட லினக்ஸில் அதிகம். உபுண்டுவில் கூடவே வரும் பைத்தானை யாராவது வேண்டாமென்று நீக்கினால், டெஸ்க்டாப்பே சேர்ந்து போய்விடும். புதிய உபுண்டு, டெபியன் பதிப்புகளில் கம்ப்யூட்டரின் பொது பைத்தானுக்குள் பிப் எதையும் ஏற்றவிடாமல் தடுத்து, தனி என்விரான்மென்ட் வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

புது வீட்டில் இரண்டே பெயர்களை ஏற்றினாள். பாண்டாஸ், பைத்தான்-டாக்எக்ஸ். மற்றவர்கள் தானாக வந்து சேர்ந்தார்கள், சிக்ஸும் சேர்த்து. ஓட்டினாள். மறுபடியும் பிழை. இந்தத் தடவை "அப்பெண்ட் இல்லை" என்றது.

தம்பி அவசரமாகச் சொன்னான். "அதை நான் எடுக்கலக்கா!"

அவன் எடுக்கவில்லைதான். பாண்டாஸை எழுதுகிறவர்களே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0-வில் அட்டவணையோடு வரி சேர்க்கும் அந்தப் பழைய கட்டளை நீக்கப்பட்டது. 2021-இல் எழுதிய புரோகிராமுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்கு எந்த வெர்ஷன் என்று எழுதி வைத்திருந்தால் அதையே ஏற்றியிருக்கலாம். எழுதி வைக்காதது அவள் தப்பு. "இது என் மேலதான்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அந்த வரியைப் புதிய கட்டளைக்கு மாற்றி எழுதினாள்.

இரவு ஒன்றேகாலுக்குப் பன்னிரண்டு வேர்ட் ஃபைல்கள் வந்து நின்றன. உள்ளே இருப்பவை எவை, எந்த வெர்ஷன் என்று "பிப் ஃப்ரீஸ்" தந்த பட்டியலை ஒரு ஃபைலில் சேமித்தாள். அதையே ஒரு தாளில் தம்பியை எழுதச் சொல்லி, ஆபீஸ் அறைச் சுவரில் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டவைத்தாள். அப்பா வந்து அந்தத் தாளைப் பார்த்தார். எழுத்து புரியவில்லை. ஆனால் எதற்கு என்று புரிந்துவிட்டது.

"கோணிச் சாக்கு விரிச்சாச்சா?" என்றார்.

நாலு நாள் கணக்கு

ஞாயிறு காலை பெரியப்பா ஃபைல்களைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி மாதத்தைப் படித்தவர், "முட்டை குறையுதே கண்ணு" என்றார்.

புரோகிராமில் தப்பா என்று அவள் பதறிப்போனாள். இல்லை. தம்பி பென் டிரைவில் காப்பி எடுத்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். பழைய லேப்டாப்பைக் கடையில் கொடுத்தது சனிக்கிழமை காலை. நடுவில் செவ்வாய் சாயங்காலம் முதல் வெள்ளி சாயங்காலம் வரை ஏற்றிய நாலு நாள் கணக்கு அந்த லேப்டாப்போடு போய்விட்டது. எந்தக் கட்டளை அடித்தாலும் அது திரும்பி வராது.

பெரியப்பா மேசை இழுப்பறையைத் திறந்து நீள நோட்டை எடுத்தார். நாலு நாளும் இருந்தது. ஷெட் வாரியாக, உடைசல், தீவனம், இறப்பு, விலை, மைனஸ், ஒன்றும் விடாமல். அவர் வாசிக்க வாசிக்கத் தம்பி ஏற்றினான். இன்னொரு தடவை ஓட்டினார்கள். கணக்கு நேரானது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பெரியப்பா வங்கிக்குப் போய்வந்தார். தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த வாரமே வேலை முடிந்தது. தீவன லாரி வந்தது.

அடுத்த முறை பண்ணைக்குப் போனபோது அவளே ஒரு புது நோட்டு வாங்கிக்கொண்டு போனாள். பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு தடவை எதுக்கு எழுதறதும்பியே?"

"எழுதுங்க பெரியப்பா" என்றாள்.